அந்த 10 லட்சம் பேர் எங்கே போனார்கள்?

சிலி அரசியலமைப்பு மாநாட்டின் முன்னாள் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதிய புதிய அரசியலமைப்பு வரைவு வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும் என்று தூரத்திலிருந்து ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதில் 2019 அக்டோபரில் வெடித்த கோபம், ஓராண்டில் வாக்குச்சாவடிக்கு வந்தது. ராணுவ சர்வாதிகாரி பினோசெட் காலத்து 1980 அரசியலமைப்புக்குப் பதிலாகப் புதியது வேண்டும் என்று 78 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று நீங்கள் எழுதித் தந்த 388 பிரிவுகளை ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். பொய்ப் பிரச்சாரம்தான் காரணம் என்று உங்களில் பலர் இன்னமும் சொல்கிறீர்கள். பொய் இருந்தது, மறுக்கவில்லை. வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று புரளி பரவியது. சொத்துரிமையோ உங்கள் வரைவின் 78ஆம் பிரிவிலேயே இருந்தது. ஆனால் அந்தப் புரளி ஏன் எடுபட்டது?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2020இல் வாக்களிப்பது அவரவர் விருப்பம். பாதிப் பேர்தான் வந்தார்கள். உங்களைத் தேர்ந்தெடுத்த 2021 தேர்தலில் அதைவிடவும் குறைவு. 2022இல் வாக்களிப்பு கட்டாயமானதும், அதுவரை வீட்டில் இருந்தவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் நீங்கள் பேசியதே இல்லை. சரி, அதுவாவது புரிகிறது. 2020இல் ‘ஏற்கிறேன்’ என்றவர்கள் சுமார் 59 லட்சம் பேர். 2022இல் இத்தனை கூட்டம் வந்தும் அந்தப் பக்கம் விழுந்தவை 49 லட்சத்துக்கும் குறைவு. 10 லட்சம் வாக்குகள் கைநழுவியதற்குப் புதிதாக வந்தவர்களைக் காரணம் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த பதில், ‘என் பணத்தில் கை வைக்காதே’ என்ற மனுவில் இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் 10 விழுக்காடு தனியார் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அந்தச் சேமிப்பு என்னுடையது, என் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதிவிடுங்கள் என்றது அந்த மனு. மக்கள் முன்மொழிவு உங்கள் விவாதத்துக்கு வர 15,000 கையெழுத்து போதும். இதற்கு 60,000க்கு மேல் கிடைத்தது. அதை நிராகரித்தீர்கள். அந்த நிதிகளை வெறுத்துத்தான் பலர் தெருவுக்கே வந்தார்கள், உண்மை. ஆனால் நிறுவனத்தை வெறுப்பவர் அதில் கிடக்கும் தன் பணத்தையும் வெறுப்பார் என்று எப்படி நினைத்தீர்கள்? வீட்டைப் பற்றிய புரளி விதை போட்டால், நிலத்தை உழுது வைத்தது நீங்கள்தான்.

நிராகரிக்க உங்களால் எளிதாக முடிந்தது. மாநாட்டின் 155 இடங்களில், ஒரு பிரிவைத் தடுக்கத் தேவையான மூன்றில் ஒரு பங்குகூட வலதுசாரிக் கூட்டணிக்கு இல்லை. எதையும் தடுக்கும் பலம் அவர்களிடம் இல்லை. எதிர்ப்பக்கத்தைச் சம்மதிக்க வைக்கும் பழக்கமே உங்களுக்கு வரவில்லை.

ஒரே நாட்டுக்குள் பழங்குடிகளையும் தனித் தேசிய இனங்களாக ஏற்கும் ‘பன்தேசிய அரசு’ என்ற சொல்லிலும் இதுதான் நடந்தது. மப்புச்சே பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் அரவுக்கானியா மாநிலத்தில்கூட 70 விழுக்காட்டுக்கு மேல் ‘வேண்டாம்’ என்றார்கள். எலிசா லோன்கோன் என்ற மப்புச்சே பெண் மாநாட்டின் முதல் தலைவரானது பெரிய விஷயம். ஆனால் வரைவில் இருந்த பழங்குடி நீதிமுறை பக்கத்து வீட்டுக்காரரை எப்படித் தொடும் என்பதை யாரும் பொறுமையாக விளக்கவில்லை. புற்றுநோய் என்று பொய் சொன்ன ஓர் உறுப்பினரும், குளித்துக்கொண்டே வாக்களித்த இன்னொருவரும் செய்தியானது தனிக் கதை. வாக்கெடுப்புக்கு முந்தைய ஆகஸ்டில் ஆளுங்கட்சிகளே ‘ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் திருத்துகிறோம்’ என்றபோது பாதி தோற்றாகிவிட்டது.

2023 டிசம்பரில் வலதுசாரிகள் ஆதிக்கம் செலுத்திய அவை ஒன்று எழுதிய வரைவும் தோற்றது. உங்களைத் தோற்கடித்தவர்கள் தங்களை ஆதரிக்கிறார்கள் என்று அவர்களும் தப்புக்கணக்குப் போட்டார்கள்.

நீங்கள் நேர்காணல் தருகிறீர்கள், வகுப்பு எடுக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த 10 லட்சம் பேரில் சிலரையாவது தேடிப் போங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், ஏன் மனம் மாறினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.