காலி இடத்தில் உட்காரும் உப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், “உப்பு மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன” என்று அச்சாகியிருக்கிறது. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி!

சமையலறையில் சோதித்திருக்கலாம். 100 மி.லி. தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும். கரைந்தபின் அளந்தால் 220 மி.லி.யைத் தாண்டி நிற்கும். காலி இடத்தில்தான் உட்கார்ந்தது என்றால் இவ்வளவு ஏறுவானேன்? எண்ணெய்க்கு மட்டும் ஏன் இடம் கிடைக்கவில்லை?

திட உப்பில் ‘உப்பு மூலக்கூறு’ என்று எதுவும் கிடையாது. 1913-லேயே இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரை வைத்துக் காட்டிவிட்டார்கள்: ஒவ்வொரு சோடியம் அயனியை (மின்னூட்டம் பெற்ற அணுவை)ச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். நீரின் ஆக்சிஜன் பக்கம் சோடியத்தையும் ஹைட்ரஜன் பக்கம் குளோரைடையும் சூழ்ந்து இழுத்துப் பிரிக்கின்றன. சர்க்கரையோ மூலக்கூறு உடையாமலே கரைகிறது. தாங்கள் அறியாததல்ல. ஆனால் தங்கள் ஓவியர் நீர் மூலக்கூறுகளை நேர்கோடாக வரைந்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கவைத்திருக்கிறார். அந்த 104.5 டிகிரி வளைவு இல்லாவிட்டால் நீருக்கு முனைவுத்தன்மையே (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) இல்லை, உப்பும் கரையாது.

அதே பக்கத்தில் சுட்ட சுண்ணாம்பு “சூட்டோடு கரைகிறது”. ஐயா, அது நீற்றுதல். கால்சியம் ஆக்சைடு நீரோடு வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆவதால்தான் கொதிக்கிறது. அப்படி உண்டானதில் 100 மி.லி.க்குச் சுமார் 0.17 கிராம்தான் கரையும். மிச்சமெல்லாம் வெள்ளையடிக்கிற சுண்ணாம்புப் பால்.

மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்) நீலத்தைச் ‘சாயம்’ என்று எழுதியதும் இதே இணைப்புதான். வறுத்தால் வெளுத்து, ஒரு சொட்டு நீர் பட்டதும் நீலம் திரும்புகிற சாயம் எந்தக் கடையில் விற்கிறது? ‘கெமிக்கல் இல்லாத தண்ணீர்’ என்ற தலைப்பைப் பற்றி இப்போது பேசவில்லை.

உப்புக் கரைசலிலும் சர்க்கரைக் கரைசலிலும் மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கச் சொன்ன சோதனையும் அரைகுறை. 9 வோல்ட் பேட்டரியும் எல்இடியும் சொன்னவர் 470 ஓம் மின்தடையை மறந்துவிட்டார். செம்புக் கம்பியைத் தோய்த்தால் கம்பியே அரித்துக் கரைசல் நிறம் மாறும். பென்சில் கரிக்குச்சி வேண்டும். குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்புகள் இருப்பதால் சர்க்கரைக் கரைசலிலும் விளக்கு மினுக்கும். சர்க்கரையும் அயனியாகிறது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் வடிநீர் போதும். உப்புக்குப் போட்ட கரண்டியைச் சர்க்கரையில் விடக் கூடாது. சில விநாடியில் நிறுத்திவிட வேண்டும். நீண்டால் குளோரின் நெடி வரும். அது மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரம் பொருளைப் பிரிப்பது; கரைதலால் வந்ததல்ல.

கேட்பது இவ்வளவுதான்: அடுத்த இதழில் அந்தப் படத்தை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். இக்கடிதத்தைச் சுருக்கினாலும் 470 ஓமை வெட்டிவிட வேண்டாம், எல்இடி போய்விடும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்