மூச்சை எண்ணக் கற்றுக்கொள்கிறேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது என்று படித்ததிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். பேச்சு குழறினாலும் சொல்வது புரிகிறது, எல்லாரையும் அடையாளம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அது பெரிய ஆறுதல். வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று, இனி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போவது நீதான். அதனால் நீ கேட்டதற்கு நேராக வந்துவிடுகிறேன்.

இந்த வயதில் எதற்கு நர்சிங் படிப்பு என்பது உன் முதல் கேள்வி. அங்கே சொல்லித் தருவதில் அப்பாவுக்கு உதவக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் அவசரம், அதை முதலில் எழுதுகிறேன்.

இது பட்டப்படிப்பு அல்ல, தொழிற்படிப்பு. கொஞ்சம் உடற்கூறு, கொஞ்சம் மருந்தியல் உண்டு. மற்றபடி கையால் செய்து பழக வேண்டியவைதான் அதிகம். முதல் பாடம் கை கழுவுவது. எங்கள் ஆசிரியை அதை 1847-ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து தொடங்கினார். அங்கே பிரசவ வார்டில் பெண்கள் காய்ச்சலில் இறந்துகொண்டே இருந்தார்கள். பிரேத அறையில் உடலை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கவனித்தவர் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்றார், சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைக்குத் தடவும் கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. விரல் நுனிகளும் கட்டைவிரலும்தான் அதிகம் விட்டுப்போகும் இடங்கள். நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டிலையோ மேசையையோ மட்டும் தொட்டிருந்தாலும் கழுவ வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அடுத்தது காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி. இவற்றில் மூச்சைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற மூன்றுக்கும் கருவி இருக்கிறது, எண் தானாக வந்துவிடுகிறது. மூச்சை நாமே உட்கார்ந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும். அதுவும் எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்றால் பல நேரம் பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும். இவ்வளவு முக்கியமான எண்ணைத்தான் பலர் எண்ணாமலே எழுதுகிறார்கள். வார்டில் சார்ட்டைப் புரட்டினால் காலை, மாலை, இரவு, எல்லாருக்கும் ஒரே 20. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

அறுவை சிகிச்சை முடிந்த முதியவர் ஒருவரை எங்கள் குழுவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, பிபி சரி, சிரித்துப் பேசுகிறார். மூச்சு மட்டும் 26. பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வந்தார், கட்டில் ஓரம் நின்று தானும் ஒரு முழு நிமிடம் எண்ணினார், அப்புறம் மருத்துவரை அழைத்தார். நுரையீரலில் தொற்று தொடங்கியிருந்தது. பயிற்சி மாணவி சொன்னதை அலட்சியம் செய்யாமலும், அதை அப்படியே நம்பிவிடாமலும் தானே எண்ணிப் பார்த்தார் பார், அந்த ஒரு நிமிடத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது நிறைய. அப்பா நன்றாக இருக்கும் நாளிலேயே, தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும், அவர் மூச்சை எண்ணிக் குறித்து வை. அவருடைய வழக்கம் தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

பிபி வலது கையில் பார். செயலிழந்த பக்கத்துக் கையில் பார்க்க வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடமாவது அவர் பேசாமல் ஓய்வாக இருக்கட்டும். கை நெஞ்சு உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தாலும் அப்படித்தான்.

இடது கையைப் பற்றி இன்னொன்று. அவரைத் தூக்கி உட்காரவைக்க யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தசை தளர்ந்திருக்கும்போது தோள்மூட்டு சுலபமாக விலகிவிடும், அப்புறம் அந்த வலி லேசில் போகாது. பார்க்க வருகிற உறவினர்களிடமும் சொல்லிவிடு. சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு. இந்த வரிசையில் செய்தால் பாதி இழுபறி குறைந்துவிடும்.

படுக்கைப் புண் வராமல் பார்ப்பதுதான் உன் பெரிய வேலையாக இருக்கும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கும்போது அங்கே ரத்த ஓட்டம் நிற்கிறது. வெளியே லேசான சிவப்பு தெரியும்போது உள்ளே தசை கெடத் தொடங்கியிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டியதில்லை, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும், இடுப்பெலும்பின் மேல் பாரம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி வை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் சரி. வெளுக்கவே இல்லை என்றால் புண்ணின் தொடக்கம், உடனே மருத்துவரிடம் சொல். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, நசுங்கிய தசை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அந்த வளையமே சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கும். மேலே நகர்த்தும்போது இழுக்காதே. இடுப்புக்கு அடியில் ஒரு விரிப்பு போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உன் முழங்கால் மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது.

ஊட்டுவதைப் பற்றி எங்களுக்கு நடந்த வகுப்பு மறக்க முடியாதது. ஒருவர் நோயாளியாகப் படுக்க, இன்னொருவர் ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டுகிறவரின் கரண்டி மேலேயிருந்து வருகிறது, அண்ணாந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. நான் படுத்திருந்தபோது எனக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது. பிறகு ஆசிரியை விளக்கினார்: கழுத்து பின்னால் சாய்ந்தால் விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து கூடுகிறது. ஆகவே ஊட்டுகிறவர் உட்கார வேண்டும், கண்ணுக்கு நேர் கண்ணாக. மரியாதையும் பாதுகாப்பும் ஒரே நாற்காலியில் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா விழுங்குவதை ஒரு நிபுணர் சோதித்துப் பார்த்தாரா? இல்லை என்றால் அதை முதலில் கேள். நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. முடிந்ததும் இடது கன்னத்துக்குள் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார். அரை மணி நேரம் படுக்கவைக்காதே. இருமினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தாலோ உடனே நிறுத்திவிடு.

மருந்து கொடுப்பதில் எங்களுக்கு ஐந்து சரிபார்ப்பு: சரியான ஆள், மருந்து, அளவு, வழி (வாயாலா, ஊசியாலா என்பது), நேரம். வார்டில் "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது, அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். வீட்டில் அது வேண்டாம், மற்ற நான்கையும் எழுதி ஒட்டிவை.

சரி, உன் முதல் கேள்வி. அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது வீட்டுக்கு ஒரு செவிலியர் வந்துகொண்டிருந்தார். அம்மா கண் திறக்காத நாட்களிலும் "இப்போது வலது பக்கம் திரும்பப் போகிறோம் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். கண்ணைத் துடைத்தால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலை. அதெல்லாம் அவருடைய நல்ல மனசு என்று நினைத்திருந்தேன். மனசு இருந்தது, கூடவே படிப்பும் இருந்தது. ஒரு கண்ணின் தொற்று மறு கண்ணுக்குப் போகக் கூடாது என்ற காரணம் அந்த மூலையில் இருந்தது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. இதற்கெல்லாம் படிப்பா என்று உன் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தாய். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலும், வீட்டு வேலைக்கு வருபவர்களைப் போன்ற இவர்களுக்குப் பெரிய பாடம் எதற்கு என்று சொன்ன மருத்துவர் இருந்தார். படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் புண் வராமல் மாதக்கணக்கில் காப்பாற்றிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இரவிலும் நீ ஒருத்தியே எழுந்து திருப்பாதே. தம்பியிடம் ஒரு வேளையை ஒப்படை. திருப்பும் விதத்தை இரண்டு நாள் கூட நின்று சொல்லிக்கொடுத்தால் அவனும் செய்வான். அப்பாவுக்கு எங்கே வலிக்கிறது என்று நாம் முடிவு செய்யாமல் அவரையே கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுது, மருத்துவருக்கு அது உதவும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருடைய இரண்டு குதிகாலையும் இடுப்புக்குக் கீழ்ப்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுது. சிவப்பு இருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காதே, போன் செய். விடுமுறை கிடைத்ததும் வந்து சில நாள் உன்னோடு இருக்கிறேன். அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி