நியூவர்க் எவ்வளவு தூரம்

அன்பு மகள் கயலுக்கு,

உன் பிரசவத்துக்காக டிசம்பரில் நாங்கள் வரும்போது ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாக வந்தால் கட்டணமும் குறையும், அம்மாவும் நடுவில் கொஞ்சம் நடக்கலாம் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நேர்விமானத்திலேயே வருவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து, நியூயார்க்கை அடுத்த உங்கள் நியூவர்க் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய உலக உருண்டையை அலமாரியின் மேலிருந்து இறக்கித் தூசி தட்டி, அம்மாவின் பூக்கட்டும் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நூல் வட துருவத்தை ஒட்டிப் போனது. நாங்கள் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நீ மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருப்பதால், ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறோம். ஆகவே மிகக் குறுகிய வழி உச்சியைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் விமானம் எப்போதும் அந்த நூலின் வழியே பறப்பதில்லை. அமெரிக்காவுக்கு வரும்போது பல நாள்களில் பசிபிக் பெருங்கடலின் மேலாகச் செல்கிறார்கள்; மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகிறது.

அப்படியும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஏறி விடியற்காலையில் இறங்குவோம் என்றதும், "ஆறு மணி நேரந்தானா?" என்று அம்மா மகிழ்ந்துவிட்டாள். குளிர்காலத்தில் உங்கள் கடிகாரம் எங்களைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்று விளக்கியபோது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிராங்க்பர்ட் வழியென்றால் முதலில் 10,300, பிறகு 6,200 கிலோமீட்டர்; இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள். 2018 மே மாதம் உன் பட்டமளிப்புக்கு வந்தபோது நமக்கு வேறு வழியில்லை, ஏனெனில் நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்களில் நடந்த நேர்சேவை 2013 நவம்பரிலேயே நின்றுபோயிருந்தது. அன்று வேறோர் ஊரில் விமானம் மாறும்போது, சோதனை வரிசையில் நின்று நின்று அம்மாவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை நான் மறக்கவில்லை. அதே 2018 அக்டோபரில், 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் இரட்டை எஞ்சின் ஏ350 விமானத்தில் சேவை மீண்டும் தொடங்கியது. எடையைக் குறைக்க அதில் 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண வகுப்பே கிடையாது. கட்டணம் கூடுதல்தான், அந்தப் பணத்தை நானே கட்டுகிறேன், இதில் வாதாடாதே.

அம்மாவுக்கு நடைவழியை ஒட்டிய இருக்கை வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். நிறைமாதத்தில் அந்த விடியற்காலைக் குளிரில் நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம். மாப்பிள்ளை வந்தால் போதும். முடிந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் முன்பதிவு செய்துவிடு.

அன்புடன்,
அப்பா