ஏரி மேல் வண்டி ஓட்டுவது பற்றி அம்மாவுக்கு

நார்த் பே, ஒன்டாரியோ
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? தம்பிக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏரித் தண்ணி மேல வண்டி ஓட்டுறானே" என்று நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். அப்பாவை நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேள்.

அந்த வண்டிக்கு ஸ்னோமொபைல் என்று பேர். முன்னால் சறுக்குக் கட்டை இரண்டு, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. ஏரியின் பெயர் நிபிசிங். நீளம் 65 கிலோமீட்டர் இருக்கும், நம் வீராணத்தைப் போல நாலு பங்கு. குளிர்காலத்தில் மேல்தண்ணீர் ஐஸாக உறைந்துவிடும், மீன் பிடிப்பவர்கள் மரக்குடிசைகளை இழுத்து வந்து அதன்மேல் வைத்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஊரே இருப்பது போலத் தெரியும்.

என்னை அழைத்துப் போகிறவர் என்னோடு வேலை பார்க்கும் பெரியவர். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் வண்டியைத் தொடவே விடவில்லை. கரையில் நிறுத்திவிட்டு நடந்து போனோம். ஐஸில் துளை போட ஆகர் என்று ஒன்று, நம்மூரில் போர் போடும் மிஷினின் குட்டி மாதிரி. அது சுற்றச் சுற்ற வெள்ளைத் தூள் குவிந்தது. கடைசியில் சட்டென்று இறங்க, துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, ஐஸின் அடி விளிம்பில் மாட்டிப் பார்த்தார். மேலே நாலு விரல் கனம் வெள்ளை, அதற்குக் கீழே கண்ணாடி போல நீலம். "வெள்ளையைப் பாதியாகத்தான் கணக்கு வைக்கணும்" என்றார். அது நனைந்த பனி உறைந்தது. உள்ளே காற்று இருக்கும், பலம் பாதிதான். ஆள் நடக்க நல்ல நீல ஐஸ் 10 செ.மீ.யாவது வேண்டும், இந்த வண்டிக்கு 12 முதல் 18 வரை. அன்று 38 இருந்தது. அப்படியும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மறுபடி துளை போட்டார். இங்கே இருக்கும் கனம் நூறு அடி தள்ளி இருக்காது.

ஏன் என்று அப்பாவுக்கு உடனே புரியும். சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொடுக்கும்போது, "எங்க வேணா குளி, மடைப் பக்கம் மட்டும் போகாதே" என்பாரே, அதே சங்கதிதான். ஸ்டர்ஜன் ஆறு வந்து சேரும் இடம், பிரெஞ்சு ஆறு வெளியேறும் இடம், பாலத்தடி, தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, இங்கெல்லாம் தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஐஸ் கனம் பிடிக்காது. மேலே பனி மூடிவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். நாங்கள் குச்சி நட்டுக் குறித்த பாதையை விட்டு விலகுவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் வண்டி சேற்றில் இறங்குவதுபோல முழங்கால் அளவு புதைந்தது. ஐஸ் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், கை கால் நடுங்கிவிட்டது. ஐஸ் உடையவில்லை அம்மா. பனியின் பாரத்தில் ஐஸ் அழுந்தி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் உறையாமல் நின்றிருக்கிறது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதுதான் என் தப்பு. தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

விழுந்தே விட்டால் என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொண்டேன். மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர், ஐஸ் தண்ணீரில் தானே பலமுறை இறங்கி ஆராய்ந்தவர். 1, 10, 1 என்பது அவர் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. மூச்சு அடைக்கும் அதிர்ச்சி 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அதனால் முதல் நிமிடத்தில் பதறாமல் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் வந்த பக்கமாகவே திரும்ப வேண்டும், அந்த ஐஸ்தானே நம்மைத் தாங்கியது. என் கழுத்தில் கயிற்றில் கோத்த இரண்டு கைப்பிடிகள் தொங்கும், நுனியில் ஆணி இருக்கும். அதை ஐஸில் குத்தி, காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும். நான் போடுவது மிதக்கும் உடை. தனியாகப் போவதே இல்லை. இரண்டு வண்டியும் நல்ல இடைவெளி விட்டுத்தான் போகும். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. குடித்தவரோடு போகவே மாட்டேன். மார்ச்சில் வெயில் ஏறினால் ஐஸ் கனமாக இருந்தாலும் உள்ளே உளுத்துவிடும், அதற்கு முன்பே வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிடுவோம்.

வீராணத்தில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? அப்பாவை எழுதச் சொல்.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். கிளம்பும்போது உனக்குச் சாயங்காலம் 6.30, போன் செய்கிறேன். நான் கரை ஏறும்போது உனக்கு நடு இரவு தாண்டிவிடும். விழித்திருக்காதே. தம்பி போனுக்கு மெசேஜ் போட்டுவிடுகிறேன், விடிந்ததும் பார்.

அன்புடன்,
உன் மகன்