கோட்டைப் பலகையில் இல்லாத ஒரு வரி: இன்யோ கவுண்டிக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியிருக்கும் ஒரு தமிழர்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இன்யோ கவுண்டி மேற்பார்வையாளர் குழு,
இண்டிபெண்டன்ஸ், கலிபோர்னியா

பொருள்: கலிபோர்னியா வரலாற்றுச் சின்னம் எண் 349 (ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ்) அருகில், 1863-இல் அமெரிக்கப் பழங்குடியினரான பையூட் மக்கள் வெளியேற்றப்பட்டதைச் சொல்லும் கூடுதல் பலகை வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் உங்கள் கவுண்டியின் வாக்காளன் அல்ல. ஆனால் 17 வருடமாக உங்கள் தண்ணீரைக் குடிப்பவன். 1913-இல் திறந்த கால்வாய் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 233 மைல் கடத்தி எங்கள் நகரத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த மனுவை எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், இதைத்தான் சொல்ல முடியும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது 395-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போவேன். வரலாற்றுப் பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்திவிடும் வழக்கம் எனக்குண்டு. வீட்டார் இதற்காக என்னைத் திட்டாத பயணம் கிடையாது. லோன் பைனில் 1872 மார்ச் 26 நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் கல்லறையில் அதிக நேரம் நின்றிருக்கிறேன். 27 பேர் இறந்தார்கள், அவர்களில் 16 பேர் இந்த வேலிக்குள் ஒரே குழியில் கிடக்கிறார்கள் என்று அந்தச் சின்னம் எண்ணிச் சொல்கிறது. செத்தவர்களை அப்படி எண்ணி எழுதிவைத்தது பெரிய மரியாதை.

இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு வடக்கே நிற்கும் 349-ஆம் எண் சின்னத்தில் அந்தக் கணக்கு இல்லை. குடியேறியவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் கர்னல் ஜார்ஜ் எவன்ஸ் படையுடன் 1862 ஜூலை 4 அன்று அங்கே வந்தார், நாட்டின் சுதந்திர தினம் என்பதால் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது பலகை. அடுத்து, 'இந்தியர்களின்' (அதாவது இங்குள்ள பழங்குடியினரின்) பகைமை ஓய்ந்தது, முகாம் மூடப்பட்டது என்று ஒரே மூச்சில் முடிகிறது. பிறகு 1865-இல் மீண்டும் போர், 1877-இல் கோட்டை கைவிடப்பட்டது. முதன்முறை படித்தபோது, ஏதோ உடன்படிக்கை செய்துகொண்டார்கள் போலும் என்றுதான் நினைத்தேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சமாதானம் நாடி முகாமுக்கு வந்து சேர்ந்த பையூட் மக்களை, ஏறத்தாழ 1,000 பேரை, 1863 ஜூலையில் படைவீரர்கள் தெற்கே டெஹோன் கோட்டைக்கு ஓட்டிச் சென்றார்கள். கோடையில், பாலைநிலத்தின் ஓரமாக, குழந்தை குட்டிகளோடு நடை. வழியிலேயே இறந்தவர்கள் உண்டு, தப்பி ஓடியவர்கள் உண்டு. முகாமை மூட முடிந்தது இதனால்தான். பலகையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சண்டை எதில் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பையூட் மக்கள் ஓடைகளில் அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, காட்டுப் புல்லுக்கும் கிழங்குக்கும் நீர் பாய்ச்சியவர்கள். பிஷப் ஓடைப் பக்கம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர் கூடி ஒரு நீர்ப்பாய்ச்சியைத் தேர்ந்தெடுப்பார்களாம். நான் பிறந்த ஊரில் ஏரி மடையைத் திறக்க நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அதனால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் தோண்டித் தின்ற தபூஸ் கிழங்கு கோரை இனம். எங்கள் வரப்பில் களை என்று பிடுங்கி எறிவோம். அவர்களுக்கோ குளிர்காலச் சாப்பாடு. இன்றைக்கு நாங்கள் கூடாரம் போடும் தபூஸ் ஓடைக்கு அந்தக் கிழங்கின் பெயர்தான். 1861-இல் வந்து இறங்கிய குடியேறிகளின் கால்நடைகள் இந்த வயல்களில்தான் மேய்ந்தன. அந்தக் குளிர்காலமோ கடுமையானது. பசித்தவர்கள் மாட்டை அடித்துத் தின்றார்கள், துப்பாக்கிகள் வந்தன. அந்த மக்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்த பெயர் பயஹூநாது, அதாவது ஓடும் நீரின் நிலம்.

மாநிலப் பதிவேட்டில் உள்ள வாசகத்தைத் திருத்தும் அதிகாரம் கவுண்டிக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். பழைய பலகையைப் பிடுங்கச் சொல்லியும் நான் எழுதவில்லை; அக்காலத்தவர் எதைச் சொல்லத் தகுந்ததாக நினைத்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி, இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில், 1863 ஜூலையைச் சொல்லும் இன்னொரு பலகை வேண்டும். அதன் வாசகத்தை பிஷப், பிக் பைன், ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் ஆகிய பழங்குடி அரசுகள் எழுதட்டும். அவர்களின் மொழியிலும் அது இருக்கட்டும். எழுத வேண்டாம், இடம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும். வெளியூர்க்காரனான என் மனுவைக் காட்டி அவர்களை யாரும் நெருக்கக் கூடாது. அவர்கள் சம்மதித்தால், மாநில வாசகத்தை மறுபரிசீலனை செய்யுமாறு உங்கள் குழு ஒரு பரிந்துரைத் தீர்மானமும் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

இப்படிச் செய்வது உங்கள் கவுண்டிக்குப் புதிதல்ல. ஊருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் மன்சனார் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரே சமயத்தில் 10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த இடம். அங்கே 1973-இல் வைத்த பலகையில் 'வதைமுகாம்' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்க்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. சொல் நின்றது, அதைக் கொத்திச் சிதைக்க முயன்ற தழும்புகளும் பலகையில் நிற்கின்றன. இன்று அங்கே போகிறவர்களுக்கு முகாமின் கதையோடு, அதற்கு முன்பிருந்த ஆப்பிள் தோப்பு ஊரின் கதையும், அதற்கும் முன்பிருந்த பையூட் மக்களின் கதையும் கிடைக்கின்றன. அங்கிருந்து பத்து நிமிடம் வண்டி ஓட்டி வடக்கே வந்தால், பகைமை ஓய்ந்தது என்று இரண்டே சொல்லில் ஆயிரம் பேர் மறைந்துபோகிறார்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பலகைக்கான தொகையில் என் பங்கைத் தர நான் தயார். தண்ணீர் குடிக்கும் ஊரிலிருந்து இன்னும் சிலரும் தருவார்கள் என்று நம்புகிறேன்.

இந்த மனுவை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுகிறேன். நாள் தெரிவித்தால் நேரில் வந்து மூன்று நிமிடம் பேசுவேன். ஆங்கில வடிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)