மீளாய்வுக் கூட்டமும் ஆசிரியர் மனநலமும்: கொங்கு மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். எங்களுக்கான மனநல உதவி, தேர்வு முடிவுகளுக்குப் பின் நடைபெறும் மீளாய்வுக் கூட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று கோரவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காடு குறைந்த ஆசிரியர்களைப் பாடவாரியாக எழுப்பி, பிற பள்ளி ஆசிரியர்கள் பார்த்திருக்க ஒலிவாங்கியில் காரணம் கேட்டார்கள். பணி ஓய்வை நெருங்கிய ஒருவர், பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட மாணவனை வீடு தேடிச் சென்று அழைத்து வந்ததையும், அவன் பிப்ரவரியில்தான் வகுப்புக்குத் திரும்பினான் என்பதையும் சொல்லத் தொடங்கியபோது, "காரணம் சொல்லாதீர்கள்" என்று அமர்த்திவிட்டார்கள். காரணம் கேட்டுவிட்டு அதைச் சொல்லவிடாததைவிடப் பெரிய அவமதிப்பை நான் கண்டதில்லை. அதன்பின் பல இரவுகள் தமக்கு உறக்கமில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் மனஅழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆகவே, சனிக்கிழமை ஓய்வையும் எடுத்துக்கொண்டு நடத்தப்படும் அரைநாள் யோகா பயிற்சி மட்டும் இதற்குத் தீர்வாகாது. காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, இடையே எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு, இரவில் வாட்ஸ்அப்பில் 'உடனடி' என்று வரும் புள்ளிவிவரக் கோரிக்கை என்று நீளும் நாளைச் சுருக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உதவி இல்லாமலில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையில் 14416 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சிறிய ஊர்களில் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால், "டீச்சர், நீங்க எதுக்குங்க இங்க வந்திருக்கீங்க?" என்று ஏதேனும் ஒரு மாணவனின் தாய் அன்போடுதான் கேட்பார்; அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் போவதில்லை. மருத்துவ விடுப்புச் சான்றோ தலைமையாசிரியர் மேசை, அலுவலக உதவியாளர் கை என்று ஊர்வலம் போகிறது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலை இரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கியிருக்கிறது. அந்த உணர்வு பள்ளி அலுவலகத்திலும் இருக்க வேண்டாமா?

எனவே, எங்கள் பணிப்பதிவேட்டோடு எத்தொடர்பும் இல்லாத ஆலோசகர் ஒருவரை ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் நியமியுங்கள். விடுப்புச் சான்றுகளை மூடிய உறையில் பெறுங்கள். அடுத்த மீளாய்வை ஆசிரியரோடு தனியே அமர்ந்து நடத்துங்கள். அப்போது தேர்ச்சி விழுக்காட்டுடன் மாணவர் வருகைப் பதிவேட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டக் கணித ஆசிரியை ஒருவர்