சத்தமில்லாத படகுக்கும் பறவைகள் பயப்படும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகில் போய்ப் பறவைகளையும் விலங்குகளையும் பார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பல வருடங்களாகத் துடுப்புப் போடுகிறவள் நான். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, அதனால் உயிரினங்களுக்குத் தொந்தரவும் இல்லை என்று அதில் எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மோட்டார் படகு வருவது தூரத்திலேயே கேட்டுவிடும். விலகுவதா, இருப்பதா என்று முடிவு செய்யப் பறவைக்கு நேரம் கிடைக்கும். கயாக் அப்படியில்லை. ஓடை வளைவில் திரும்பியதுமே எதிரே வந்து நிற்கும். ஒரு சாண் தண்ணீரிலும் மிதக்கும் என்பதால், வேறு படகு நுழையாத கோரைப் புதருக்குள்ளும் போய்விடும். கூடு கட்டுவதும் குட்டிகளை ஒளித்துவைப்பதும் அந்த மாதிரி இடங்களில்தான்.

முக்குளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளை நீர்ச்செடிகளால் மூடிவிட்டுப் போகும் பறவை அது. நாம் திடுமென வந்துவிட்டால் மூட நேரமில்லாமல் அப்படியே முங்கிவிடும். அப்புறம் நாம் அங்கேயே நின்று போட்டோ எடுக்கும் நேரமெல்லாம் முட்டைகள் திறந்து கிடக்கும். காக்கை கண்ணில் பட்டால் போச்சு. கட்டைமேல் கிடக்கும் ஆமையும் சும்மா படுத்திருக்கவில்லை. உடம்பில் சூடு ஏறினால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். நம்மைக் கண்டு தண்ணீரில் குதித்தால், மறுபடி ஏறி முதலிலிருந்து வெயில் காய வேண்டும்.

ஒருமுறை வாடகைக் கயாக்கில் ஒரு குழுவோடு போனேன். பட்ட மரத்தில் பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகு தண்ணீரில் நன்றாக ஊறும். முங்கி மீன் பிடிக்க அது வசதி, ஆனால் வெளியே வந்ததும் காய்ந்தாக வேண்டும். வழிகாட்டியோ 'இன்னும் கிட்டப் போங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படகுகள் இரண்டு பக்கமும் சூழ்ந்தன. ஈரச் சிறகோடு எழும்ப முடியாமல் அது தொப்பென்று தண்ணீரில் விழுந்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டியபடி நீந்திப் போனது. எல்லோருக்கும் நல்ல படம் கிடைத்தது. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது என்று கேட்பவர்களிடம், அந்த உயிரையே கவனியுங்கள் என்பேன். இரை தேடிக்கொண்டிருந்த நாரை அதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நிமிர்த்தினால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். நீர்நாய்கள் தலையைத் தூக்கி உஸ்ஸென்று மூச்சு விட்டு நம்மையே பார்த்தாலும் அப்படித்தான். படகை அவற்றின் பக்கம் நேராக விடாமல் சாய்வாக விலகிப் போய்விடலாம். கூட்டமாகப் போனால் எல்லோரும் ஒரே கரையோரமாகப் போக வேண்டும், மறுகரை அவற்றுக்கு. வளைவு வருமுன் பக்கத்துப் படகுக்காரரோடு நாலு வார்த்தை பேசினாலே நாம் வருவது தெரிந்துவிடும். முதலையோ நீர்யானையோ இருக்கும் நீர்நிலை என்றால் கதையே வேறு. அங்கே விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்கவே கூடாது.

தள்ளி நின்றால் ஒன்றும் பார்க்கக் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் இலைக்கோழி என்ற நீர்ப்பறவையில் அடைகாப்பது ஆண்தான். அப்படி ஓர் ஆண் பறவை, குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு, அவற்றின் நீளக் கால்கள் வெளியே தொங்கத் தொங்க இலைமேல் நடந்ததைப் பைனாகுலரில்தான் பார்த்தேன். கிட்டப் போயிருந்தால் ஓடி ஒளிந்திருக்கும்.

படகு வாடகைக்கு விடுபவர்கள் கூடு கட்டும் மாதங்களில் கோரைப் பகுதிக்குள் ஆட்களை அனுப்பக் கூடாது. லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும்போதே இந்த விவரங்களையும் சொல்லிவிட வேண்டும். தாங்களும் இனி இப்படிப்பட்ட கட்டுரைகளில் கூட்டுக்கு அருகே எடுத்த படங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவரும் அங்கே படகை விடுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி